நாலு மணிக்கு நிற்கும் சிவப்பு

நாகரிகங்கள் போரினால் அழியவில்லை, பஞ்சத்தினால் அழியவில்லை. பூவுக்குக் குடை பிடிக்கிறவர்களால் அழிந்தன. இதை என் பத்தொன்பதாவது வயதில் கல்லூரிப் பத்திரிகையில் மூன்று பத்திகளில் நிரூபித்திருக்கிறேன். ரோமாபுரியைத் துணைக்கு அழைத்திருந்தேன். மறுப்பு எதுவும் வரவில்லை. யாராவது படித்திருந்தால்தானே வருவதற்கு.

ஆதாரத்துக்கு நான் தூரமாகப் போகவில்லை. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் வடபகுதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு மிஸ் ஒப்பலினுடையது. ஜூன் மாதத்தில், வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளில், அவர் தோட்டத்தில் ஏழு குடைகள் விரிந்திருக்கும். ஒவ்வொன்றின் கீழும், லில்லி போலப் பூக்கும் ஒரு டேலில்லிச் செடி. மற்ற நிறங்களுக்கு வெயில் ஒரு பொருட்டில்லை. அடர்சிவப்புக்கு மட்டும் ஆகாது. அது வெயிலைக் குடித்துக்குடித்து, மதியம் ஒரு மணிக்கெல்லாம் இதழ் நெகிழ்ந்து, யாரோ ஜாம் தடவிவிட்டுப் போனதுபோல் ஆகிவிடும். பூவுக்கு ஆயுசே ஒரு நாள்தான். அதில் பாதி நாள் இப்படி.

இந்த விஷயத்தில் அம்மா என் கட்சி.

"குடைக்குக் கீழ நிக்கிறது பூ இல்லடா வெஸ்லி, நோயாளி" என்பாள். அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்ததால் அந்த வார்த்தைக்கு ஒரு கனம் இருந்தது.

குடையில்லாமல் அலபாமா வெயிலில் மாலை நாலு மணிவரை நிற்கும் ஓர் அடர்சிவப்பைத் தானே உண்டாக்க வேண்டும் என்பது அம்மாவின் வைராக்கியம். பன்னிரண்டு வருடமாக முயன்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்குக் கிளம்பும் முன், புருவம் பிடுங்கும் கிடுக்கியால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தொட்டுவைப்பாள். பாதிரியாரின் பிரசங்கம் முழுக்க அவள் காலரில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். விதைகள் காலிப் பால் கேன்களில் முளைக்கும். பழைய ஜன்னல் மறைப்பின் பட்டைகளை வெட்டி, பென்சிலால் எண் எழுதிச் செருகுவாள். பிறகு மூன்று வருடம் காத்திருப்பு. முதல் பூ வந்ததும் தேர்வு. நாலு மணிக்கு வேலையிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பாள். மூன்று பூக்கள்வரை தவணை. மூன்றும் உருகியிருந்தால் மண்வெட்டி, உரக்குழி. எங்கள் உரக்குழியில் மட்கியதெல்லாம் பெரும்பாலும் சிவப்புதான்.

அந்தக் கோடை விடுமுறையில் தேர்வுக்கு வந்தது 17-4 என்று எண் எழுதிய செடி.

செவ்வாய்க்கிழமை முதல் பூ. அம்மா இருட்டோடு ஐந்து மணிக்குக் கிளம்பிப் போகும்போது அது மொட்டு. திரும்பி வரும்போது ஜாம். புதன்கிழமையும் அதே கதை. மீதமிருந்தது ஒரே ஒரு மொட்டு. வியாழன் மாலை அம்மா அதை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"நாளைக்கு விரிஞ்சிடும். நாளைக்கும் ஊத்திக்கிச்சுன்னா சனிக்கிழமை மண்வெட்டிதான்."

சொல்லிவிட்டு நகரவில்லை. "நீ வீட்லதானே இருந்த. காலைல எப்படிடா இருந்துச்சு?"

நான் இரண்டு நாளும் பதினொன்றுவரை தூங்கியிருந்தேன். "சிவப்பா இருந்துச்சு."

"எந்தச் சிவப்பு?"

"சிவப்புன்னா சிவப்பும்மா."

"இதைச் சொல்லிக் குடுக்கத்தான் காலேஜ்ல உன்ன வெச்சிருக்காங்களா?"

"ஒரு நாள் லீவு போட்டுட்டு நீயே பாரேன்."

"பூ பூக்குதுன்னு லீவா? எங்க சூப்பர்வைசர்கிட்ட நீ வந்து சொல்லு. துணியோட சேர்த்து உன்னையும் மெஷின்ல போட்டுடுவா."

பன்னிரண்டு வருடம் முயன்று உண்டாக்கிய இந்தப் பூவின் முகத்தை அவளே பார்க்கவில்லை, பார்க்காமலே வெட்டி எறியப்போகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எழுந்தேன். நிறத்தைப் பார்த்துச் சொல்வதற்காக மட்டும்தான். பூ விரிந்திருந்தது. உவமை தேடினேன், கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதிய இரண்டு வருடப் பழக்கத்தில் கிண்டலுக்கான உவமைகளே வந்தன. உண்மையில் அது சிவப்பே இல்லை. மடிப்புகளில் கறுப்பு, ஓரத்தில் ஈரமான கருஞ்செர்ரிப் பழத்தோலின் நிறம், அடித்தொண்டையில் சின்னதாக ஒரு பச்சை. போனில் படம் எடுத்தேன். படத்தில் அது வெறும் தக்காளி.

பதினொரு மணிக்கு ஓரங்கள் தளரத் தொடங்கின. வேலி தாண்டிப் போனேன்.

"வா கண்ணு" என்றார் மிஸ் ஒப்பலின். "ரோமாபுரியில எல்லாரும் சௌக்கியமா?"

"நீங்க... படிச்சீங்களா?"

"உங்கம்மா சர்ச்சுல ஒருத்தர் விடாம காட்டினாளே! 'பாருங்க, எம்பிள்ள எழுதினது'ன்னு. எனக்கு ரெண்டு பிரதி."

"ஒரு குடை வேணும்."

அவர் நிதானமாக வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "மழை வரும்போலயா இருக்கு?"

"அம்மாவோட பூவுக்கு."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பெரிய கறுப்புக் குடையோடு வந்தார். "சாவு வீட்டுக்குப் போறதுக்கு வெச்சிருக்கேன். வெயிலுக்கு இதுதான் ராஜா."

"பக்கத்துல ஒரு குச்சி நட்டுக் கட்டிடவா?"

"உங்கம்மா வெர்னா கண்ணுக்குத் தப்புமா? மண்ணுல ஓட்டையப் பாத்ததும் கண்டுபிடிச்சு, செடியோட சேர்த்து உன்னையும் குழியில போட்டுடுவா. கையில பிடி. பூ மேல படாம பிடி. நிழல் நகரும், நீயும் கூடவே நகரணும்."

நாலரை மணி நேரம். தபால்காரர் வந்து, பார்த்து, ஒன்றும் கேட்காமல் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அம்மாவின் கார் திரும்பும் சத்தம் கேட்டதும் குடையைத் தக்காளிச் செடிகளுக்கு நடுவே எறிந்தேன்.

அம்மா வந்தாள். நின்றாள். பிறகு, சலவைக்கூடத்து உடுப்போடு மண்ணில் மண்டியிட்டாள். ஓர் இதழின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுவா சிவப்புன்ன?" என்றாள் கடைசியில்.

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"எனக்கும் தெரியல." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏண்டா, ஒரு கை மட்டும் வெந்துபோயிருக்கு?"

"ஜன்னலோரமா உக்காந்து படிச்சேன்."

"என்ன புக்கு?"

"சரித்திரம்."

"ம்" என்றாள். அவள் பார்வை தக்காளிச் செடிகள் பக்கம் ஒருமுறை போய் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தக்காளி சாண்ட்விச். பூவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டோம், நிறம் இருட்டோடு கலக்கும்வரை.

சனிக்கிழமை சொன்னபடியே மண்வெட்டியை எடுத்தாள். 17-4ஐத் தோண்டினாள். ஆனால் உரக்குழிக்குப் போகாமல், சமையலறையின் கிழக்குச் சுவரோரம், மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்தில் நட்டாள்.

"இது நியாயமா?" என்றேன்.

"குடை கூடாதுன்னுதான் சொல்லியிருக்கேன். சுவரப் பத்தி நான் எதுவும் சொல்லலையே."

குடையை மிஸ் ஒப்பலின் திருப்பிக் கேட்கவே இல்லை.

இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். சுவரோரம் கார் நிறுத்துகிறார்கள் என்று கேள்வி. அம்மா நகரத்தில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். தொட்டியில் துளசி வளர்க்கிறாள், அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. வீடு கைமாறும் முன் நான் பெயர்த்தெடுத்த 17-4இன் ஒரு வேர்ப்பிரிவு என் வாடகை வீட்டில் இருக்கிறது. இங்கே கிழக்குச் சுவர் இல்லை. இந்த வருடத்தின் முதல் பூ இன்று காலை விரிந்தது. போனில் சொன்னேன். நாலு மணிக்கு வருவதாக அம்மா சொன்னாள்.

மணி பன்னிரண்டு. எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் தாழ்வாரத்துக்கு வந்து என்னையே வேடிக்கை பார்க்கிறான். நிழல் நகர்கிறது. நானும் கூடவே நகர்கிறேன்.