பதினான்கு சீட்டுகள்

எல்லோரும் கூடிப் பேசி ஒருமனதாக முடிவெடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அதை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

இந்தோனேசியாவின் செமாராங்கில் படங்களுக்கு அடிவசனம் போடும் நிறுவனம் எங்களுடையது. பதினான்கு பேர், பதினான்கு கிழட்டுக் கணினிகள். அவற்றைப் பராமரிப்பவன் நான். எல்லாவற்றிலும் லினக்ஸ் ஏற்றியாகிவிட்டது. திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொன்னது எக்ஸ்எஃப்சிஇ. அலங்காரம் கிடையாது, ஆனால் ஓடும். முதலாளி பாக் விரஸ்தோ, அதாவது விரஸ்தோ ஐயா, கேட்டது கேடிஇ, அதுவும் இருக்கிற மினுக்கெல்லாம் போட்டு. கண்ணாடி போன்ற ஜன்னல்கள், இழுத்தால் கொழகொழவென்று ஆடும். நல்ல கணினியில் அது நல்ல பொருள்தான். எங்களுடையவற்றுக்கு மூச்சு வாங்கியது.

அடிவசனம் எழுதும் சுலஸ்த்ரி அக்காவுக்குக் கண்பார்வை மட்டம். கறுப்புத் திரையில் பெரிய எழுத்து இருந்தால்தான் வேலை ஓடும். கண்ணாடி ஜன்னலில் எழுத்தும் பின்னாலிருக்கும் படமும் ஒன்றாகக் கலந்துவிட, போட்டுப் பார்த்த ஒத்திகை நாளில் அவரால் பாதி வேலைகூட முடிக்க முடியவில்லை. வேலை குறைந்தால் இந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடியும். அது அத்தனை பேருக்கும் தெரியும்.

கூட்டத்தில் பொரித்த லும்பியாச் சுருள்கள் வந்தன. எண்ணெய் வடிய வடியத் தின்றார்கள்.

"அக்காவுக்கு மட்டும் வேற போட்டுரலாமா, பாக்?" என்றேன்.

"எல்லாத்துலயும் ஒண்ணுபோல இருக்கணும்ப்பா. வர்றவங்க பாத்தா அசந்துபோகணும். நான் திணிக்கல, நீங்களே சொல்லுங்க."

"உங்க இஷ்டம் பாக்," என்று ஆளாளுக்கு வழிந்தார்கள்.

ரகசியமாகச் சீட்டு எழுதலாம் என்றேன். பெரிய புத்திசாலி நான்!

"தாராளமா. பேரையும் போட்டுருங்க, நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்று சிரித்தார் முதலாளி.

மாதிரித் திரை தெரிவதற்காக விளக்கை அணைத்திருந்தோம். அக்கா தன் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இருட்டுல ஒண்ணும் தெரியல தம்பி. நீயே எழுதிரு. நீ சொன்னதுதான் எனக்கும்."

என் கையெழுத்து முதலாளிக்குத் தெரியும். அக்காவைத் தூண்டிவிட்டதே நான்தான் என்பார். அக்காவின் பெயரை எழுதி, பக்கத்தில் கேடிஇ என்று எழுதினேன். என் சீட்டிலும் அதையே எழுதினேன்.

முதலாளி எண்ணினார். பதினான்குக்குப் பதினான்கு.

"பாத்தீங்களா? சுலஸ்த்ரிகூட இதத்தான் கேட்டிருக்காங்க! அப்படித்தானே?"

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் நான் எவ்வளவு தெரிந்தேனோ, தெரியாது.

"ஆமா பாக். நல்லா இருக்குல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வெளியே வரும்போது அக்கா என் தோளைத் தொட்டார்.

"விடு தம்பி. உனக்கும் வேலை வேணுமே."

காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எந்தக் கணினியில் முதலில் போட என்று முதலாளியிடம் கேட்டேன்.

"சுலஸ்த்ரியோடதுலயே ஆரம்பிப்பா, ஆசைப்பட்டுக் கேட்டிருக்காங்க," என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.