பட்டர் பேப்பர் வைக்க மறந்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அடுத்தவர் செய்த ஒரு வாழ்த்து அட்டையின் மேல் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல் ஒன்றைத் தூக்கி வைத்தேன். நாவல் நான் எழுதியது. என் பதினான்கு குடும்ப நாவல்களில் அதுதான் தடிமன். என் எழுத்தால் ஒருவருக்குக் கெடுதல் நடந்தது அதுதான் முதல் தடவை. (என் கணவர் இதை ஏற்க மாட்டார்.)

அந்தக் கெடுதலிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாகப் பார்த்தேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் அவள்—" வேண்டாம். ஒன்பது நாவல்களில் ஏற்கெனவே மழை பெய்தாகிவிட்டது.

"அவர் கைகள் இரும்பு. ஆனால் அவர் இதயமோ—" வேண்டவே வேண்டாம்.

சரி, மேசையிலிருந்து தொடங்குகிறேன்.

2

நாலாவது மாடியில் ஒரு டியூஷன் சென்டர். சனிக்கிழமை பத்திலிருந்து ஒன்றரை வரை அங்கே பிள்ளைகள் வராத நேரம், நாங்கள் ஏழு பேர் நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். வண்ணத் தாள்கள், இரட்டைப் பக்க டேப், பூ வடிவத்தில் ஓட்டை போடும் பஞ்ச், இடுக்கி, மூடி தொலைந்த பசை பாட்டில்கள், டப்பா டப்பாவாகப் பொடிமணிகள். சிலர் காதணி கோப்பார்கள். சிலர் காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டி மயில் செய்வார்கள். நான் அட்டைகள் செய்வேன்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஒரு நாவல் முடிய எனக்கு ஒன்றரை வருடம் ஆகிறது. ஓர் அட்டை நாற்பது நிமிடத்தில் முடிந்து, கையில் நிற்கிறது. திருத்தச் சொல்ல ஆளில்லை. பஞ்சை அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பாருங்கள், அதைக் கேட்பதற்காகவே தேவைக்கு மேல் முப்பது பூ வெட்டிவிட்டு, பிறகு அவற்றை எங்கே ஒட்டுவது என்று முழிப்பேன்.*

* இப்போதும் என் கைப்பைக்குள் பூக்கள் இருக்கின்றன. போன வாரம் வங்கியில் பேனா எடுக்கும்போது கவுன்டர் முழுக்கக் கொட்டின.

3

இனி பாத்திரங்கள். இருவர்தான்.

ஒருவர் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. முப்பத்தேழு வயது. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். வேலை, பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில். வாரம் முழுக்கப் பல், சனிக்கிழமை மணி. கல்யாணப் பேச்சை எடுத்தால் மணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிடுவாள்.

இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன் அந்தக் கட்டடத்தின் லிஃப்டைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்க மேலே வந்தார். மேசையில் கிடந்த ஓர் அட்டையைத் திறந்தார். உள்ளிருந்து காகிதப் படகு எழுந்து நின்றது. மூடினார். திறந்தார். பதினொரு தடவை.

"இது நம்ம வேலைதானே மேடம்," என்றார். "மேல வரணும், கீழ போகணும், நடுவுல மாட்டிக்கக் கூடாது."

அடுத்த சனிக்கிழமை சொந்த ஸ்டீல் ஸ்கேலோடு வந்துவிட்டார். தனியாக இருப்பவர். (நாவலாக இருந்தால் இங்கே ஒரு சோகமான கடந்தகாலத்தைச் சொருகியிருப்பேன். அவரைப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார்.)

அவர் அட்டையில் ஒட்ட அவளிடம் மணி கேட்பார். அவள் எண்ணி ஐந்து கொடுப்பாள்.

"ஆறு கேட்டேன்."

"அஞ்சுதான் நல்லாருக்கும்."

"பல்லு கட்டுறவங்ககிட்ட எண்ணிக்கையில வாதாட முடியுமா?"

"தெரியுதில்ல? ஒட்டுங்க."

ஐந்தே ஒட்டுவார். இந்த மேசையில் எட்டு மாதமாக நடந்த காதல் காட்சி இவ்வளவுதான். எனக்கு மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மூன்று வாரத்துக்கு முன் அவர் சொன்னார்: வேறு ஊரில் லிஃப்ட் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன், பங்குக்கு வந்துவிடு என்று கூப்பிடுகிறாராம். பதில் சொல்ல வேண்டுமாம். என் நாத்தனார் கோத்துக்கொண்டிருந்த மாலையில் அன்றைக்கு நிறம் மாறிப்போய், இருபது மணியைப் பிரித்துத் திரும்பக் கோத்தாள்.

4

இனி என் குற்றம்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டி முடித்த அட்டை சுருண்டுகொள்ளாமல் இருக்க, அதன் மேல் ஏதாவது கனமாக வைத்து அழுத்துவோம். அதற்கு முன் உள்ளே பசை பிடிக்காத பட்டர் பேப்பர் ஒன்றைக் கட்டாயம் நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் கசியும் பசை இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்வது நான்தான்.

போன சனிக்கிழமை மெக்கானிக் ஓர் அட்டையை முடித்தார். யாரையும் பார்க்க விடவில்லை. நீல நிறம், வெளியே ஐந்து மணிகள். ஈரம் காய்வதற்குள் கீழே லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டதாகச் சத்தம் கேட்டது. "யாரும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

தொடாதீர்கள் என்றுதான் சொன்னார். எனக்கு அட்டை ஓரம் சுருள்வது தெரிந்தது. உள்ளே பார்ப்பது நாகரிகமில்லை என்பதால் திறக்கவில்லை. திறக்காததால் பட்டர் பேப்பர் வைக்கவில்லை. பக்கத்தில் என் கையெழுத்துக்காக அவர் வாங்கி வந்திருந்த என் நாவல் கிடந்தது. எடுத்து வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் இரண்டு கையாலும் ஒரு அமுக்கும் அமுக்கினேன்.

ஒரு மணி நேரம் கழித்து, கையெல்லாம் கிரீஸோடு வந்தார். விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து, அட்டையைத் திறக்காமலே உறைக்குள் போட்டு, என் நாத்தனாரிடம் நீட்டினார்.

"வீட்டுக்குப் போய்ப் பாருங்க. பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதை வெச்சுத்தான் அண்ணனுக்குச் சொல்லணும்."

5

அன்று மாலை அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். உறையை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

"என்னம்மா எழுதியிருக்கார்?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. சுத்தி ஒட்டிக் கொடுத்திருக்கார்."

"ஒட்டியா?"

"எழுதினதுக்கப்புறம் மனசு மாறியிருக்கும். கொடுக்காம இருக்க முடியல, மூடிக் கொடுத்துட்டார்."

"தெரியாம ஒட்டியிருக்கும்."

"அவருக்கா? பசை ஒரு சொட்டு வழிய விடுவாரா அந்த மனுஷன்?"

அதுதான் வினை. வேறு யாருடைய அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். அவருடைய கை சுத்தம் அவளுக்குத் தெரியும். எட்டு மாதமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டையைக் கையில் வாங்கியதும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் "ஓ" என்றேன். நாவல்களில் நாற்பது ஐம்பது பேரை மனம்விட்டுப் பேச வைத்தவள் நான். என் வாயிலிருந்து வந்தது "ஓ". ஞாயிறு, திங்கள், செவ்வாய், தினமும் ஒரு "ஓ". அவளும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. அங்கே அவர் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை, சொல்ல முடியாததை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் இதுவரை படித்தது அதுதான்.

6

முடிவுகள்.

முடிவு ஒன்று: கெட்டிலின் ஆவியில் அட்டையைக் காட்டுகிறாள். பசை இளகுகிறது. மையும் இளகுகிறது. எழுத்தெல்லாம் நீலக் கறையாக— (ரொம்பச் சோகம். என் வாசகிகள் கடிதம் போட்டுத் திட்டுவார்கள்.)

முடிவு இரண்டு: ரயில் நகர்கிறது. கலங்கிய கண்களோடு அவள் பிளாட்பாரத்தில் ஓடி—

"நான் எந்த ரயில் பின்னாடி ஓடினேன் அண்ணி?"

[இதைக் கதைக்குள் சேர்க்க நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. தோளுக்குப் பின்னால் என் நாத்தனார். மூடிவைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.]

தாள்களை எடுத்து, நின்றபடியே முதலிலிருந்து படித்தாள். மூன்றாம் பகுதியில் ஒரு இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாலாம் பகுதியை இரண்டு தடவை படித்தாள்.

"புக்கைத் தூக்கி வெச்சது நீங்களா?"

"ஆமா."

"பட்டர் பேப்பர்?"

"வைக்கல."

"எல்லாருக்கும் பாடம் எடுக்குறது நீங்கதானே அண்ணி! ஆறு நாளா தெரிஞ்சும் ஓ, ஓன்னு..."

ஹாலிலிருந்து என் கணவர்: "அந்த நாவல் கனம் ஜாஸ்தின்னு நான் அப்பவே சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்ப அவர் மனசு மாறல. மாறவே இல்ல!" அதை என்னிடம் சொல்லவில்லை, கையிலிருந்த தாளிடம் சொன்னாள்.

"ஃபோன் பண்ணு."

"பண்ணி? மூணு வாரம் உட்கார்ந்து செஞ்சு கொடுத்த மனுஷன்கிட்ட, அதுல என்ன எழுதினீங்கன்னு ஃபோன்ல கேக்கவா? நாளைக்கு நேர்ல பாத்துக்கறேன்."

என் கணவர் காய் வெட்டும் கத்தியோடு வந்தார். "கொடு, ஒரே நிமிஷம்."

"அண்ணா, அதை வெச்சுட்டுப் போயிடு."

பிறகு பென்சிலை எடுத்து "கலங்கிய கண்களோடு" என்பதை அடித்தாள். "நான் அழல. கூடத்துல பல் தூசி."

(அவள் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள்.)

"இன்னொண்ணு அண்ணி. முடிவு எழுதாதீங்க. நடக்கட்டும், பாத்துக்கலாம்."

7

சனிக்கிழமை. இதை மேசையின் ஓரத்தில், நடக்க நடக்கவே எழுதுகிறேன்.

நாங்கள் போய்ச் சேரப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. அதற்குள் அவர் வந்துவிட்டிருந்தார். தன் ஸ்டீல் ஸ்கேல், மிச்சத் தாள்கள், இரண்டு பஞ்ச், எல்லாவற்றையும் மேசை நடுவில் குவித்திருந்தார். "யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்க," என்றார். என் நாத்தனார் பக்கம் திரும்பவில்லை.

அவள் அட்டையை அவர் முன்னால் வைத்தாள். "இதைத் திறங்க."

திறக்கப் பார்த்தார். புரட்டினார். அவர் முகத்தில் ஏழு நாள் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதை நான் பார்த்தேன்.

"ஒட்டியிருக்கே... அப்ப நீங்க படிக்கவே இல்லையா?"

"எப்படிப் படிக்கிறது? எக்ஸ்ரே எடுத்தா?"

வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல் நான் கையைத் தூக்கினேன். "நான்தான்."

போன வாரம் வைத்த மேசையிலேயே கிடந்த நாவலை அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், அதுல நீங்க கையெழுத்துகூடப் போடல."

"அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள் அவள்.

"ஒரு மணிக்குக் கூப்பிடுவார். வரேன்னு சொல்றதா இருந்தேன்."

மணி பன்னிரண்டே கால்.

"சரி, உள்ள இருக்கறதை வாயால சொல்லுங்க."

வாயைத் திறந்தார். மூடினார். காது சிவந்துபோனது. "வாயால வந்திருந்தா கார்டு எதுக்குங்க செய்றேன்? கிழிச்சிடுங்க. உள்ள எழும்பி நிக்கறது உடைஞ்சாலும் எழுத்து தெரியும்."

"கிழிக்க மாட்டேன்."

மணி கோக்கும் நைலான் நூலை ஒரு முழம் அறுத்தாள். "ரெண்டு பல்லுக்கு நடுவுல அழுக்கு எடுக்க நூல் விடுவாங்கல்ல, அதேதான். இந்த முனையைப் பிடிங்க."

மேல் மூலையில் பசை படாத ஓர் இடம், மயிரிழை அளவு. அதற்குள் நூலை நுழைத்தாள். ஒரு முனை அவள் விரலில், மறு முனை அவர் விரலில். அவள் இழுத்தால் அவர் தளர்த்த வேண்டும். அவர் இழுத்தால் அவள்.

"மெல்ல. தாளை அறுத்துடப் போறீங்க."

"நீங்கதான் வேகமா இழுக்கறீங்க."

"சாய்க்காதீங்க. உள்ள எது நிக்குது, எந்தப் பக்கம்?"

"நடுவுல. சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கவும் இல்ல."

மேசையில் யாரும் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. காகிதத்துக்குள் நூல் போகும் 'ஸ்ஸ்' சத்தம் மட்டும். பன்னிரண்டரை. முக்கால். ஓர் ஓரம் விட்டது. அடுத்த ஓரம் பாதி. நாவலின் அட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எங்கள் ஏழு பேரில் ஒருத்தியான, பக்கத்திலிருந்த நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மணி. அவருடைய ஃபோன் அடித்தது. மேசை அதிர்ந்து பொடிமணிகள் ஓட ஆரம்பித்தன.

"அண்ணன்தானே? எடுங்க," என்றாள், நூலை விடாமல்.

"ரெண்டு கையிலயும் வேலை இருக்கு," என்றார், அவரும் விடாமல்.

ஃபோன் அடித்து அடித்து நின்றது. யாரோ ஓடும் மணிகளை உள்ளங்கையால் தடுத்தார்கள். நூல் கடைசி மூலைக்கு வந்து, ஒரு நொடி தயங்கி, வெளியே வந்துவிட்டது.

அட்டை இப்போது அவள் கையில் இருக்கிறது. எந்தப் பக்கமும் ஒட்டவில்லை. கட்டைவிரலை ஓரத்தில் வைத்திருக்கிறாள்.

"அண்ணி."

"என்னம்மா?"

"அந்தப் பக்கம் திரும்புங்க."

ஆறு நாள் "ஓ" என்றவளுக்கு இனி எதிர்த்துப் பேச உரிமை ஏது? திரும்பிவிட்டேன். என் எதிரே சுவர். ஒன்பதாம் வாய்ப்பாடு ஒட்டியிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் காகிதம் மெல்லத் திறக்கும் சத்தம் கேட்கிறது.

திரும்பச் சொன்னது என்னை மட்டும்தான். நீங்கள் பாருங்கள்.