ஏழாம் அத்தியாயம்

சவுந்தரநாயகம் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். ஏழாம் அத்தியாயத்தில் என்னைப் போட்டார். பெயரை மாற்றக்கூட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. கொட்டாஞ்சேனை, மாக்ரெட், துறைமுகத்தில் வேலை செய்யும் கணவன். அவன் வேலைக்குப் போனதும் நான் மாடியறைக்கு ஏறிப் போவேனாம். அடுத்த வருடம் பிறந்த பிள்ளைக்கு அவருடைய கண்களாம். புத்தகம் வெளிவர முன்பே அந்த அத்தியாயத்தை மட்டும் ஒரு ஞாயிறு பேப்பரில் போடவைத்தார்.

அவர் எங்கள் வீட்டில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்தது உண்மை. நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது என் மனுசன் பெனடிக்ட்தான் அவருடைய பீ மூத்திரம் அள்ளினார். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெனடிக்ட் செத்துப் பத்து வருடம். பேப்பரை வாசித்துவிட்டு ரொஷேல் வந்தாள், நாற்பது வயது மகள். "மம்மி, என்ட டடா ஆர்?" என்று கேட்டாள். நான் சொன்னதை நம்பாமல் போனாள். இரண்டு வாரம் வரவில்லை. 

கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடைக்குப் போனேன். சட்டத்தரணி தலையை ஆட்டினார். "வழக்குப் போட்டா அந்தாளுக்குத்தான் லாபம் அன்ரி. ரெண்டாம் பதிப்பும் அடிப்பார்."

பிறகு அழைப்பிதழ் வந்தது. வெள்ளவத்தையில் வெளியீட்டு விழா. சிறப்புப் பிரதி வாங்குவோரில் என் பெயரும் இருந்தது. நான் மேடையில் ஏறிக் கத்த வேண்டும், கமராக்காரர் எடுக்க வேண்டும். அவர் போட்ட திட்டம் அதுதான்.

நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் அவருடைய மனைவி றோஸி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். பெயர் கூப்பிட்டதும் ஏறி, பிரதியை வாங்கி, மைக்கைப் பிடித்தேன்.

"சபையோர் ஐயாவை மன்னிக்கவேணும். எங்கட வீட்டில மாடியே இல்லை. பாவம், ஐயாவுக்கு மறதி வருத்தம். எங்கேயோ கேட்ட கதையெல்லாம் தன்ட கதையெண்டு நினைக்கிறார்."

மறதி வருத்தம் என்றது பொய்தான். அவர் ஒரு அத்தியாயம் பொய் சொன்னார், நான் ஒரு வரி சொன்னேன்.

சனம் உச்சுக்கொட்டியது. றோஸி முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுந்து மேடைக்கு வந்து புருசனின் கையைப் பிடித்தாள்.

"ஓம், ரெண்டு வருசமா இப்பிடித்தான். வாங்கோ, வீட்ட போவம்."

அவர் கையை உதறினார். முகம் கறுத்துவிட்டது. என்னிடமிருந்து மைக்கைப் பறித்தார்.

"ஆருக்கு மறதி? அந்த அத்தியாயத்தை ஒரு மாசம் இருந்து நானே கற்பனை பண்ணி எழுதினனான்! மறதிக்காரன் அப்பிடி எழுதுவானோ?"

 பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை ஃபோன்கள் உயர்ந்து நின்றன என்று நான் ஆசைதீரப் பார்த்தேன்.

அந்த வீடியோ லண்டன், கனடா வரைக்கும் போனது. அவர் ஆசைப்பட்ட விளம்பரம் குறைவில்லாமல் கிடைத்தது.

மறுநாள் ரொஷேல் வந்தாள். குசினி வாசலில் நின்று அழுதாள். நான் தேற்றவில்லை. தகப்பனைச் சந்தேகப்பட்டதற்கு நன்றாக அழட்டும் என்று விட்டேன். அழுது முடிந்ததும் கையில் மீனையும் கத்தியையும் கொடுத்தேன். செதில் கொட்டுவதற்கு ஏழாம் அத்தியாயத்தைக் கிழித்துத் தரையில் விரித்தேன்.