நாலாம் தொட்டி

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. இன்று காலை காப்பியை வைத்தபடி என் மனைவி, "ஸ்கூல்ல ஒண்ணு நடந்துபோச்சு, அதுக்கு ஒரு முடிவு எழுதிக் கொடுங்க. மத்தியானம் கண்காட்சி, அதுக்குள்ள வேணும்" என்றாள். பதினேழு வருடக் குடித்தனத்தில் அவள் என் எழுத்தைத் தேடி வந்தது இதுவே முதல் தடவை. தலைகால் புரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் உயிரியல் ஆசிரியை. இனி 'டீச்சர்' என்றே எழுதுகிறேன். நியாயமாகவும் எழுதலாம், மரியாதையும் தானாக வந்துவிடும்.

2

[தொடக்கம்: "அறிவியல் என்பது உண்மையைத் தேடும்..." அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

டீச்சருக்கும் பக்கத்து மேசை இயற்பியல் சாருக்கும் ஒரே எரிச்சல். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் புத்தக விடையைப் பார்த்துக்கொண்டு, அதற்குத் தோதாக அளவுகளை அழித்து எழுதுகிறார்கள். இருவரும் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். புத்தகத்தில் விடை இல்லாத கேள்வியைப் பிள்ளைகளே கேட்க வேண்டும். டீச்சர் செடி தருவார், சார் தராசு தருவார். நோட்டில் பேனாதான், ரப்பர் கூடாது. ஆசிரியர்கள் எதையும் தொடமாட்டார்கள்.

(அடித்த வரிகளை நான் விட்டுவைப்பதும் அதனால்தான். சட்டம் வீட்டுக்குள்ளும் அமலில் இருக்கிறது.)

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பட்டப்பெயரே ரப்பர். தாள் கிழியும்வரை அழிப்பாள். தண்ணீர் ஊற்றாவிட்டால் அவரைச் செடி எத்தனை நாள் தாங்கும் என்று அவள் கேட்டாள். ஆறு தொட்டிகள். தினமும் நிறுத்து எழுதினாள், ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. இதை டீச்சர் வீட்டில் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

3

சனிக்கிழமை விடைத்தாள் திருத்தப் போன டீச்சர், ஜன்னலோரம் நாலாம் தொட்டிச் செடி தலை தொங்கி நிற்பதைப் பார்த்தார். கை சும்மா இருக்கவில்லை. அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார்.

["அரை டம்ளர் இல்ல, பாட்டில் மூடியால எட்டு மூடி" என்று தோளுக்குப் பின்னாலிருந்து திருத்தம் வருகிறது. அப்படியே ஆகட்டும்.]

மற்ற ஐந்தும் வாடிச் சாய்ந்தன. நாலாவது மட்டும் நிமிர்ந்து நின்றது. சார் அதைப் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். கண்காட்சியில் முதல் மேசை அதற்குத்தான். ரப்பர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று டீச்சர் நினைத்தார்.

"சொன்னா, டீச்சரே இப்படித்தான்னு பழையபடி அழிக்க ஆரம்பிச்சிடுவா. சொல்லலைன்னா, அழிச்சு எழுதினவ நானாயிடுவேன்" என்றார் டீச்சர் இன்று காலை.

4

முடிவு ஒன்று: டீச்சர் மேடையேறி ஒப்புக்கொள்கிறார், அரங்கமே கைதட்டுகிறது. ["யாரு தட்டுவா?" அடித்தேன்.]

முடிவு இரண்டு: கண்காட்சிக்கு முன்பே செடி தானாகச் செத்துப்போகிறது. [டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அடித்தேன்.]

முடிவு மூன்று: பழியைச் சார் தன்மேல் போட்டுக்கொண்டு

5

அந்த வரியை முடிப்பதற்குள் டீச்சர் பையிலிருந்து ரப்பரின் நோட்டை எடுத்து வைத்தார். நேற்றே வாங்கி வந்ததாம், பிரிக்கத் தைரியம் வரவில்லையாம். நான் பிரித்துப் படித்தேன்.

"நாலாம் தொட்டி. வெள்ளி 412 கிராம். திங்கள் 431. தண்ணீர் இல்லாமல் எடை கூடாது. மூன்று தடவை நிறுத்தேன், தராசு சரி. மழை: ஜன்னல் மூடியிருந்தது. காவலாளி: கேட்டேன், இல்லை என்றார். டீச்சர்: தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். காரணம்:"

அதற்குப் பிறகு வெற்று வரி.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"முடிவெல்லாம் வேண்டாம், விடுங்க" என்றாள். ('றார்' என்பதற்குப் பதில் 'றாள்' என்று வந்துவிட்டது. அடிக்கப் போவதில்லை.) திருத்துகிற சிவப்புப் பேனாவை மேசையிலேயே விட்டுவிட்டு, என் கையிலிருந்த நீலப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, நோட்டோடு கிளம்பிப் போய்விட்டாள்.

ஆகவே இந்தக் கடைசி வரிகளைப் பென்சிலில் எழுதுகிறேன், மன்னிக்கவும். அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் பேனா இருக்கும். எழுதுவதற்கு முன் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள், அழிக்க முடியாது.

காரணம்: ..............................