திரைச்சீலையின் தையல்

அன்று ஸ்டுடியோவில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: அக்கா, அத்தான், ஸ்டுடியோக்காரர், விளக்கு பார்க்கும் அவர் தம்பி, தம்பியின் மனைவி. ஆறாவது ஆள் யாரும் கிடையாது.

மறுநாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். குணப்படுத்த அல்ல, வலி தெரியாமல் வைத்திருக்க. அது அவளுக்கும் தெரியும்.

"ஒரு நல்ல படம் எடுத்துடுடா. இல்லேன்னா அப்புறம் எதிலேருந்தாவது என் தலையை வெட்டி ஒட்டுவீங்க."

ஸ்டுடியோக்காரருக்கு அறுபத்தொன்று. படம் எடுக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். கண்ணாடியோடு பார்த்தால், கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைக் கண் ஒட்டாது. படத்தின் ஓரங்கள் மறைந்துபோகும். வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி, பக்கத்தில் இருக்கும் பயறளவுச் சக்கரத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

அன்றும் கழற்றப் போனார்.

"கழட்டாதேடா. அது இல்லாம நீ, அப்பா கடைசியா இருந்த மாதிரியே இருக்கே. எனக்குச் சிரிப்பு வராது."

மாட்டிக்கொண்டே குனிந்தார். உள்ளே எல்லாம் மங்கல். சக்கரத்தை நாலு சொடுக்குத் திருப்பியிருந்தால் தீர்ந்தது. ஆனால் அத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், கண்ணு டாட்டா காட்டிடுச்சா? பேசாம தம்பிகிட்ட குடுங்க."

"எங்க அக்காவை நான்தான் எடுப்பேன்."

அதன்பிறகு விரல் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. தானாக ஃபோகஸ் பிடிக்கும் வசதியைக் கேமரா வாங்கிய அன்றே அணைத்துவிட்டவர் அவர். அந்த மங்கலுக்குள் லென்ஸ் வளையத்தைக் கையால் உருட்டி, இதுதான் என்று தோன்றிய இடத்தில் அழுத்தினார். இருபத்திரண்டு படங்கள். பின்பக்கத் திரையில் சின்னதாகப் பார்த்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

மூன்றாம் நாள் தம்பி கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான். பின்னால் தொங்கிய திரைச்சீலையின் தையல் நூல் நூலாகத் தெரிந்தது. அக்காவின் முகம் மட்டும் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் கலங்கியிருந்தது. இருபத்திரண்டிலும் அப்படியே. மறுபடி எடுக்கலாம் என்றால், அக்கா அதற்குள் நினைவிழந்திருந்தாள்.

அத்தான் படம் கேட்டு வந்தார். அவர் எதிரில் அண்ணன் தலைகுனிந்து நிற்பதைத் தம்பியால் பார்க்க முடியவில்லை.

"என் தப்பு அத்தான். லைட்டு வைக்கும்போது கேமராவுல ஒரு சக்கரத்தைத் தெரியாம திருப்பிட்டேன்."

ஸ்டுடியோக்காரர் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் தாண்டிப்போனது. தாண்டிய பிறகு வாய் இன்னும் கனத்தது.

ஒன்பதாம் நாள் அக்கா போனாள். கூடத்தில் வைக்க இருந்தது அடையாள அட்டைப் படம்தான். பெரிதாக்கியதில் அவள் இடது காது முத்திரை மைக்குள் மூழ்கியிருந்தது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேலி எல்லாம் வடிந்துபோன முகம்.

துக்கம் கேட்க வந்தவர்களின் நாற்காலி வரிசைகளில் பேச்சு கை மாறிக் கை மாறி வளர்ந்தது. வாசல் பக்கத்து வரிசைக்கு வந்தபோது, தம்பிக்காரன் குடித்துவிட்டு வந்து கேமராவைக் கீழே போட்டானாம். வருஷா வருஷம் படம் எடுக்க அவனைக் கூப்பிடும் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியரும் அந்த வரிசையில்தான் இருந்தார். தம்பி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

தம்பியின் மனைவி ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றார். பேச்சு அடங்கியது.

"அவன் குடிக்கலை. எதையும் கீழே போடலை. அன்னைக்கு அவன் கேமராவைத் தொடவே இல்லை. சக்கரம் நான் வச்ச இடத்துலதான் இருந்தது. எனக்குக் கண்ணு சரியா தெரியலை. அதைச் சொல்ல வெக்கப்பட்டேன்."