இரண்டு மணி நேர ரத்தம்

ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் அவளுக்கு நாத்தனார் வைத்த பெயர் ஊசி. கல்யாணமாகி வந்த முதல் வாரமே வைத்துவிட்டாள். நாத்தனார் மழலைப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவள். வாயும் வேனும் ஒரே வேகம். அப்பேர்ப்பட்டவள் இரண்டு மாதமாக, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கிக் கண் இருட்டி உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் இன்சுலின் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், குளுக்கோஸ் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று.

தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உங்க அம்மா வீட்ல யாரும் எனக்கு இவ்வளவு இனிப்பா எதுவும் குடுத்ததில்லையே, ஊசி" என்றாள் நாத்தனார். காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பத்தரைக்குக் கடைசி ரத்தம் எடுத்தபோது நாத்தனாரின் நெற்றி வேர்த்திருந்தது. வேறு யாராவது என்றால் ஊசி விடமாட்டாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, பிஸ்கட்டைக் கண் முன்னால் தின்ன வைத்து, கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துத்தான் அனுப்புவாள். காலில் விழுந்தாலும் நடக்காது. ஆனால் இது வீட்டு மனுஷி. பதினோரு மணிக்குப் பள்ளி விட்டுவிடும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஃபேன் ஓடாததால்தான் வேர்க்கிறது என்று ஊசியே சமாதானமும் சொல்லி, போகிற வழியில் ஏதாவது சாப்பிடுங்கள் அண்ணி என்று அனுப்பி வைத்தாள். ஊருக்கு ஒரு சட்டம், உறவுக்கு ஒரு சட்டம்.

பதினொன்று பத்துக்குத் திரையில் எண்கள் வந்தன. ஒரு மணி நேர ரத்தத்தில் இன்சுலின் முந்நூறைத் தாண்டியிருந்தது. நூறு இருந்தாலே அதிகம். இரண்டு மணி நேர ரத்தத்தில் சர்க்கரை ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து; இது அவள் கிளம்பும்போது இருந்த அளவு. இவ்வளவு இன்சுலின் உடம்பில் ஓடினால் அது இன்னும் இறங்கும். இந்நேரம் வேனில் பதினோரு பிள்ளைகள் ஏறியிருப்பார்கள்.

ஃபோன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது நாத்தனார் ஃபோனைத் தொடமாட்டாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஊசி குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரை எடுத்து, வேன் வழக்கமாகப் போகும் வழியில் விட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் பார்த்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று எங்கோ கேட்டது. கடவுளே, அது வேறு யாருக்காவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டியதற்கு வெட்கப்படக்கூட அப்போது நேரமில்லை.

அடுக்குமாடி வரிசைக்குப் பின்னால் இருந்த தெருவில் வேன் நின்றிருந்தது. ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி என்று கூப்பிட்டதற்கு, யாரோ வழி கேட்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை. ஊசி எட்டி எஞ்சினை அணைத்தாள். தூளை விரலில் ஈரமாய்க் குழைத்து அவள் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள். விழுங்குங்க அண்ணி என்றாள். திரும்பத் திரும்பத் தடவினாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. "ஊசி, நீ எங்க இங்க?" என்றாள் நாத்தனார்.

ஊசி அப்போதுதான் துணிந்து பின்னால் பார்த்தாள். பதினோரு பேரும் இருந்தார்கள். யாரும் அழவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசைப் பெண்குழந்தை மட்டும் மெதுவாகப் பேசினாள். "ஆன்ட்டி எங்க வீட்டை மூணு தடவை தாண்டிப் போயிட்டாங்க. நாங்க கத்தினோம். அவங்களுக்குக் கேக்கல."

நாத்தனார் அந்தப் பெண்ணையே பார்த்தாள். பிறகு சாவியை உருவி, ஊசியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி. வேர்த்திருக்குன்னு தெரிஞ்சும் நான்தான் உங்களை விட்டேன்" என்றாள் ஊசி.

நாத்தனார் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கி, பின்னால் ஏறி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.