மூன்றாம் பின்னிணைப்பின் புகழ்

டாக்டர் எபோ ஆர்ஹின் எழுதிய 'ஐயத்தின் அளவு' என்னும் புள்ளியியல் நூலுக்கு மூவகை வாசகர்கள் உண்டு என்று அதன் முன்னுரை கூறியது: மாணவர்கள், தொழில்துறையினர், அறிய விரும்பும் பொதுமக்கள். நூல் வெளிவந்து ஈராண்டுகள் ஆகியும் இம்மூவருள் எவரும் அதை வாங்கவில்லை. மாணவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். தொழில்துறையினருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. பொதுமக்கள் அறிய விரும்பவில்லை.

கேப் கோஸ்ட் நகரில் பதிப்பகம் நடத்தும் மேடம் டாட்சி, கெட்ட செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வழக்கம் இல்லாதவர்.

"டாக்டர், ஈஸ்டருக்கு மெதடிஸ்ட் சபைக்காரங்களோட பாட்டுப் புத்தகம் வருது. கிடங்குல எடம் இல்ல. உங்க புத்தகம் உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேங்குது."

"அத என்ன செய்யறதா இருக்கீங்க?"

"கூழாக்கிடலாம்னு இருக்கேன். முட்டை வெக்கிற அட்டை செய்யறவரு ஒருத்தரு கேட்டிருக்காரு. நல்ல கெட்டித் தாளாம். ரொம்பப் பாராட்டினாரு."

நூலுக்குக் கிடைத்த முதல் மதிப்புரை அதுதான்.

எபோவுக்கு நூல் முழுவதன்மீதும் பற்று உண்டு. ஆனால் ஏழாம் அத்தியாயத்தின்மீது இருந்தது பற்றன்று, பாசம். சூதாட்டத்தில் தொடர்ந்து பணம் கட்டுபவன் எவ்வாறு தோற்றே தீருவான் என்பதை, ஒரு சூத்திரமும் இன்றி, ஒரு வினைமுற்றும் பிறழாமல், அதில் அவர் விளக்கியிருந்தார். அதைக் கடைசி வரி வரை ஒருவர், ஒரே ஒருவர், படித்துவிட்டால் போதும், பிறகு முட்டைகள் வந்து அமர்ந்தாலும் பொறுத்துக்கொள்வார். மேடம் டாட்சியிடம் ஈஸ்டர் வரை தவணை கேட்டுப் பெற்றார்.

ஈஸ்டருக்கு முன்பே மேடம் டாட்சி தொலைபேசியில் அழைத்தார்.

"டாக்டர், எல்லாம் வித்துப் போச்சு."

எபோ நாற்காலியில் உட்கார்ந்தார். "மாணவர்களா, தொழில்துறையினரா?"

"ஒரே ஆளு. கொட்டோக்குராபா சந்தையில லாட்டரிக் கடை வெச்சிருக்காரே எக்யா கும்சன், அவரு. லாரி கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போனாரு. பாட்டுப் புத்தகத்துல பின்னாடி இந்த மாதிரி எண்ணு இருக்கான்னும் கேட்டாரு."

எபோ சலவைச் சட்டை அணிந்து, கையொப்பமிடுவதற்குப் பேனா ஒன்றையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போனார். எக்யா கும்சனின் நீலநிறக் கடைக்கு முன்னே, மரநிழலில், நீண்ட பலகைகளில் பத்திருபது பேர் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அத்தகைய ஆழ்ந்த வாசிப்பை அவர் தம் பல்கலைக்கழக நூலகத்தில் ஒருநாளும் கண்டதில்லை. தம்மைத் தேற்றிக்கொள்ளப் பக்கத்தில் வாழைக்காய் சுடும் பெண்ணிடம் ஒன்று வாங்கினார். அது சுற்றப்பட்டிருந்த தாளில் எண்ணெய்க் கறைக்கு நடுவே "ஆகவே, தோல்வி என்பது" என்றிருந்தது. ஏழாம் அத்தியாயம்.

பலகையில் இருந்தவர்களின் கைகளை அப்போதுதான் கூர்ந்து நோக்கினார். எவர் கையிலும் நூல் இல்லை. நூலின் கடைசி நான்கு தாள்கள்தாம் இருந்தன: மூன்றாம் பின்னிணைப்பு, தற்செயல் எண்களின் அட்டவணை.

"எக்யா," என்றார் எபோ, மூத்தவரை அழைக்கும் அச்சொல்லுக்குரிய மரியாதையைக் குரலில் விடாமல். "நான்தான் இந்தப் புத்தகத்த எழுதினவன். இதோட முன்பக்கமெல்லாம் எங்க?"

எக்யா கும்சன் எழுந்து நின்று இரு கைகளாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டார். "அது எதுக்கு டாக்டர்? எல்லாத் தீர்க்கதரிசிங்களும் கொஞ்சம் பேசிட்டுத்தான் நம்பரு சொல்லுவாங்க. நீங்க கொஞ்சம் அதிகமாப் பேசிட்டீங்க. அவ்வளவுதான். நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."

பலகையின் கோடியில் இருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். ஆண்ட்டி அராபா எனப்படும் அவர், கடற்கரையில் மீன் சுடுபவர். அவர் அமர்ந்திருந்த பக்கமிருந்து காற்று வீசினால் அனைவருக்கும் பசித்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க டாக்டர். இங்க தொண்ணூத்தி மூணுன்னு போட்டிருக்கீங்க. நம்ம லாட்டரியில தொண்ணூறுக்கு மேல கெடையாது. அப்ப அதத் திருப்பிப் போட்டு முப்பத்தொம்பதுன்னு எடுத்துக்கணும். சரிதானே?"

"இல்ல ஆண்ட்டி. அது தற்செயலா வந்த எண். அதுக்கு அர்த்தமே கெடையாது."

"அர்த்தமே இல்லாததையா இத்தன பக்கம் அச்சடிச்சீங்க?"

"ஆமா."

"எதுக்கு?"

"ஒரு ஊர்ல சில பேர விசாரிக்கணும்னா, நமக்குப் பிடிச்சவங்களாப் பாத்து எடுத்துடக் கூடாது இல்லியா. அதுக்காக."

"பிடிச்சவங்களக் கேக்காம இருக்கறதுக்கு ஒரு புத்தகமா," என்று எவரோ வியந்தார். "எங்க மாமியாருக்கு அது புத்தகம் இல்லாமலே வரும்."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்த ஆண்ட்டி அராபா விட்ட இடத்தில் தொடங்கினார். "இந்த எண்ணெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தது."

"கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னது?"

எபோ பொய் சொல்லத் தெரியாதவர். சுருக்கமாகச் சொல்லவும் தெரியாதவர். "யாரும் சொல்லல. அது தொடங்கற அந்த நொடியில மணி என்னவோ, அதுலேருந்து கணக்குப் போட ஆரம்பிக்கும்."

இருபது பென்சில்கள் காதுகளிலிருந்து இறங்கின.

"மணி என்ன டாக்டர்?" என்று எக்யா கும்சன் மென்மையாகக் கேட்டார்.

விளக்கத்தால் ஆகாததைச் சோதனையால் செய்யலாம் என்பது ஆறாம் அத்தியாயத்தின் கருத்து. எபோ அதைக் கடைப்பிடித்தார். ஒரு தாளை வாங்கி, கண்களை மூடிக்கொண்டு, விரல் பட்ட இடத்திலிருந்து தொண்ணூற்றுக்குட்பட்ட ஐந்து எண்களை உரக்கப் படித்தார்.

"சனிக்கிழமைக் குலுக்கலப் பாருங்க. இந்த அஞ்சுல ஒண்ணுகூட வராது. அப்பவாவது இந்த அட்டவணைக்குச் சக்தி இல்லன்னு ஒத்துக்குவீங்களா?" சொன்ன கணமே தம் கூற்றில் இருந்த மிகை அவரை உறுத்திற்று. "அதாவது, வராம இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய நாலுல மூணு பங்கு."

"நாலு, மூணு," என்றார் ஆண்ட்டி அராபா. "நாப்பத்தி மூணு. எழுதிக்குங்க."

சனிக்கிழமை மாலை வானொலியில் வெற்றி எண்கள் ஐந்தும் வாசிக்கப்பட்டன. எபோ தம் வீட்டில், கெங்கே மாவுருண்டையும் வறுத்த மீனும் உண்டவாறு கேட்டார். அவர் கூறிய ஐந்தில் ஒன்றும் வரவில்லை. நாற்பத்து மூன்றும் வரவில்லை. அட்டவணையின் பெருமை ஒழிந்தது என்று மகிழ்ந்து, மிளகாய்த் துவையலைச் சற்று அதிகமாகவே தொட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் ஞாயிறு ஆராதனைக்காகக் கோயிலுக்குப் புறப்பட்டபோது வாசலில் சந்தையே நின்றது. எக்யா கும்சன் முன்வரிசையில் இருந்தார். ஆண்ட்டி அராபா கூடை நிறையச் சுட்ட மீன் கொண்டுவந்திருந்தார்.

"வராதுன்னு சொன்னீங்க. வரல," என்றார் எக்யா கும்சன். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். வரும்னு சொல்ற தீர்க்கதரிசிங்க தெருவுக்குப் பத்துப் பேரு. ஒருத்தரு சொன்னதும் நடந்ததில்ல. வராதுன்னு சொல்லி வராம போனது ஒங்களுக்குத்தான்."

"எக்யா, நல்லாக் கேளுங்க. யாரு எந்த அஞ்சு எண்ணச் சொன்னாலும் பெரும்பாலும் வராது. நீங்க சொன்னாலும் வராது. இந்த மீன் சொன்னாலும் வராது."

"பாத்தீங்களா அடக்கத்த," என்றார் ஆண்ட்டி அராபா கூட்டத்தைப் பார்த்து. "அடுத்த வாரம் வராததெல்லாம் எதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க டாக்டர். எண்பத்தஞ்சு எண்ணு வராது. அதையெல்லாம் நீங்க அடிச்சிட்டீங்கன்னா மிச்சம் அஞ்சுதான். அத நாங்களே பாத்துக்கிறோம். ஒங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்."

அன்று அவர் பின்வாசல் வழியாகக் கோயிலுக்குப் போனார்.

திங்களன்று மேடம் டாட்சி அட்டைப்பட மாதிரியோடு வந்துவிட்டார். அதில் எபோவின் புகைப்படம் இருந்தது. தலையைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற ஒன்றும் இருந்தது. 'வராத எண்கள்' என்பது தலைப்பு.

"மூணாவது பின்னிணைப்பு மட்டும். எட்டே பக்கம். பையில மடிச்சு வெச்சுக்கலாம்."

"மத்த அத்தியாயங்க?"

"ஏழு அத்தியாயத்தையும் கேட்டு ஒருத்தராவது எனக்குக் கடுதாசி போட்டிருக்காங்களா?"

"ஒம்போது அத்தியாயம் மேடம்."

"பாருங்க, அச்சடிச்ச எனக்கே தெரியல. டாக்டர், நான் ஒங்க எதிரி இல்ல. முன்பக்கத்தக் கிழிச்சு வாழைக்காய் சுத்தறாங்க. அதுக்கு நான் தாள் வாங்கணுமா? ஒண்ணு இது. இல்லன்னா ஒண்ணுமே இல்ல."

எபோ இரண்டு நாள் அவகாசம் கேட்டார். புகழ் தானே தணியட்டும் என்று விட்டால் நூல் முழுவதும் அழியும். மேடத்தின் சொல்லுக்கு இசைந்தால் தலை போய் வால் மட்டும் வாழும். முதல் நாளை அறச்சீற்றத்தில் கழித்தார். இரண்டாம் நாள், அறச்சீற்றத்தால் எந்தத் தாளும் நூலோடு ஒட்டிக்கொள்ளாது என்பதை உணர்ந்தபோது, வாலைக் கிழிக்க முடிவதால்தானே கிழிக்கிறார்கள் என்ற எண்ணம் எழுந்தது.

மேடம் டாட்சியின் மேசைமீது புதிய கையெழுத்துப் படியை வைத்தார். அட்டவணை நூலின் இறுதியில் இல்லை. வரிசை வரிசையாகப் பிரிந்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரியாகப் படுத்திருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு பயிற்சிக் கணக்கு இருந்தது. "இதன் விடையே நீங்கள் பார்க்க வேண்டிய பக்கத்தின் எண். அப்பக்கத்தின் வரிசை மற்றெந்த வரிசைக்கும் குறைந்ததன்று, கூடியதுமன்று" என்று கணக்கின் கீழே குறிக்கப்பட்டிருந்தது.

"இது நெசமா?" என்று மேடம் டாட்சி அந்தக் குறிப்பைத் தட்டினார்.

"ஒவ்வொரு எழுத்தும் நெசம். முன்னுரையில இன்னும் தெளிவா எழுதியிருக்கேன். இந்த எண்களால எதையும் கணிக்க முடியாதுன்னு."

"முன்னுரையிலதானே? அப்ப யாருக்கும் தெரியாது." அவர் பக்கங்களைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "கிழிக்க முடியாது. அத்தியாயத்தப் படிக்காம கணக்குப் போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்கிட்ட ஒரு தாள மட்டும் கடன் வாங்கவும் முடியாது. டாக்டர், நீங்க வியாபாரத்துக்கு வந்திருக்கணும்."

'ஐயத்தின் அளவு' இரண்டாம் பதிப்பு முழு உருவோடு வெளிவந்தது. சில வாரங்களில் சந்தைப் பக்கம் போனவர்கள் விந்தையான செய்திகளோடு திரும்பினார்கள். எக்யா கும்சனின் கடைமுன் இருவர் சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாடு குறித்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். நான்காம் அத்தியாயத்தின் கணக்கில் சிக்கிக்கொண்ட ஒரு வாடகைக்கார் ஓட்டுநர் பயணியை இறக்கிவிட மறந்து அடுத்த ஊரான எல்மினா வரை போய்விட்டாராம். எபோ இவற்றை நம்பவில்லை. ஆயினும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பின்னர் ஒருநாள் ஆண்ட்டி அராபா பல்கலைக்கழகத்தில் அவருடைய அறைக்கே வந்தார். கையில் நூல் இருந்தது. ஒரு தாளும் குறையவில்லை. விளிம்புகள் மீன்புகையில் பழுப்பேறியிருந்தன.

"ஏழாவது அத்தியாயத்தக் கடைசி வரைக்கும் படிச்சேன் டாக்டர்."

எபோ எழுந்து நாற்காலியை அவருக்கு நகர்த்தினார். தாம் நின்றுகொண்டார்.

"சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு கேக்க வந்தேன். எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும், விடாம ஆடுறவன் கடைசியில தோத்துத்தான் ஆகணும். அதானே?"

"கடைசியிலன்னு சொல்றதவிட, போகப் போகத் தோக்கறதுக்கான வாய்ப்பு" என்று தொடங்கிய எபோ, வாழ்வில் முதன்முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார். "ஆமா ஆண்ட்டி. அதேதான்."

"திருப்பித் திருப்பிப் படிச்சேன். ஒரு எடத்துலகூட சீட்டு விக்கிறவன் தோப்பான்னு நீங்க எழுதல."

"அவரு ஆடுறதில்லியே. அவருக்குச் சீட்டுக்குச் சீட்டு கமிஷன். யாரு தோத்தாலும் வரும். அவரு எப்படித் தோப்பாரு?"

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்றார் ஆண்ட்டி அராபா. கண்ணாடியைக் கழற்றி உறையில் இட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க. கொஞ்சம் நீளம்."

அடுத்த மாதம் எக்யா கும்சனின் நீலக்கடைக்கு நேர் எதிரே மஞ்சள்நிறக் கடை ஒன்று முளைத்தது. நகரில் கார் பழுதுபார்ப்பவர்களும் முடிதிருத்துபவர்களும் தம் கடைகளுக்கு வேதாகம வசனங்களைப் பெயராகச் சூட்டுவது வழக்கமாதலால், அதன் பலகையைக் கண்ட எவரும் வியப்புறவில்லை. 'ஏழாம் அத்தியாயம்: லாட்டரி விற்பனை' என்று அதில் எழுதியிருந்தது. எந்த வேதத்தின் ஏழாம் அத்தியாயம் என்று கேட்ட போதகரிடம், டாக்டர் எழுதின வேதம் என்று உரிமையாளர் பதிலளித்ததாகக் கேள்வி.

எக்யா கும்சன் அந்த வாரமே எபோவின் வீட்டிற்கு வந்தார். வாடிக்கையாளரில் பாதிப்பேர் சாலையைக் கடந்துவிட்டதாகவும், மீதிப்பேர் தம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பதாகவும் கூறி வருந்தினார்.

"நீங்க மனசு வெச்சா முடியும் டாக்டர். அடுத்த பதிப்புல அந்த ஏழாவது அத்தியாயத்த மட்டும் எடுத்துடுங்க. மத்த எட்டும் இருக்கட்டும். எனக்கு அதுங்களோட ஒரு சண்டையும் இல்ல."

"முடியாது எக்யா."

"ஏன்?"

விளக்கமாகச் சொல்ல எபோவுக்குப் பல காரணங்கள் இருந்தன, அவற்றை வரிசைப்படுத்தவும் தெரியும்.

"அத ஒருத்தங்க படிச்சிட்டாங்க," என்றார்.